விரல் கடை உள்ள ஊர்

மெட்ராஸில் பாதி கடலுக்குள் போன பிறகும் மெட்ராஸ் ஐ மட்டும் சௌக்கியமாக இருந்தது. நாங்கள் மூட்டை முடிச்சோடு மேட்டுநகருக்கு வந்தபோது அதுவும் யார் கண்ணிலோ ஏறி வந்திருக்க வேண்டும். ஐந்து வருஷம் சும்மா இருந்துவிட்டு, இந்த ஊரையே கலைக்கலாமா வேண்டாமா என்று அரசாங்கம் முடிவெடுக்கப்போகிற நேரமாகப் பார்த்துத் தலைகாட்டியது. அப்போது அதன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இப்போது நன்றிதான் இருக்கிறது.

என் பெயர் தணிகாசலம். ஊருக்கு நாடி பார்ப்பது என் உத்தியோகம். கேலி இல்லை, குடியமர்வு வாரியத்தில் என் பதவியின் பெயரே நகர நாடி அலுவலர்தான். ஓர் ஊர் உண்மையிலேயே ஊராக இருக்கிறதா, இல்லை வெறும் வீடுகளின் குவியலா என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். மேட்டுநகர் விஷயத்தில் என் கணக்கு ஐந்து வருஷமாக ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. குவியல்.

திண்டிவனத்துக்கு மேற்கே, கடல் எட்டாத மேட்டில், பன்னிரண்டு லட்சம் பேருக்காகக் கட்டிய நகரம் இது. கட்டியவர்கள் நல்லவர்கள். அதுதான் வினையாகிப்போனது. ஊரை இழந்து வருகிறவர்களுக்கு அக்கம்பக்கத்தையாவது மிச்சம் வைப்போம் என்று, வீடு ஒதுக்கும்போது ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டார்கள்: பக்கத்தில் யார் வேண்டும்? எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். எங்க ஆளுங்க. அப்படியே கொடுத்துவிட்டார்கள். காசிமேட்டுக்காரர்கள் ஒரு பேட்டையில், மயிலாப்பூர்க்காரர்கள் ஒரு பேட்டையில், சௌகார்பேட்டைக்கு ஒன்று, எங்கள் ராயபுரத்துக்கு ஒன்று என்று நாற்பது பேட்டைகள். ஒவ்வொன்றிலும் சொந்தமாகப் பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி. வேலையும் பேட்டைக்குள்ளேயே. செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த பேட்டைக்குப் போக ஒருவருக்கும் ஒரு காரணத்தையும் விட்டு வைக்கவில்லை.

இதோடு நின்றார்களா? ஒதுக்கிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஜனங்கள் எங்கேயாவது போய்விடுவார்கள் என்று யாருக்கோ பயம் வந்து, தெருவுக்குத் தெரு ரேகைப் பெட்டி வைத்தார்கள். காலை, மதியம், ராத்திரி என்று மாத்திரை சாப்பிடுவதுபோல மூன்று வேளையும் அதில் விரலை வைக்க வேண்டும். வைத்தால் பெட்டி பெயரைச் சொல்லி வணக்கம் சொல்லும். மாதத்தில் பத்து வேளை தவறினால் வீட்டுப் பூட்டு மாறிவிடும். போனை வைத்து ஆள் நடமாட்டத்தைப் பார்ப்பதைச் சட்டம் எப்போதோ தடை செய்துவிட்டதால், பன்னிரண்டு லட்சம் பேர் எங்கே இருக்கிறார்கள் என்று அறிய எனக்கும் இந்தப் பெட்டிகள்தான் கதி. பெயர் வராது, எண்ணிக்கை மட்டும் வரும். எல்லாரும் மூன்று வேளையும் அவரவர் தெருவிலேயே இருக்கிறார்கள் என்றது எண்ணிக்கை.

வாரியத் தலைவர் மெஹருன்னிசா பெரம்பலூரிலிருந்து வந்திருந்தார். தலைநகரம் இப்போது அங்கேதான் இருக்கிறது, அதிகாரிகளைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லாத ஊர். ஆனாலும் அவர் பேச்சில் ராயப்பேட்டை அப்படியே இருந்தது. கூடவே நிதி உறுப்பினர் சம்பந்தமும் வந்திருந்தார். சிரிப்பதற்குக்கூட ஒப்புதல் வாங்க வேண்டும் என்று நினைக்கிற ரகம்.

"தணிகாசலம், எனக்கு சூத்திரமெல்லாம் வேணாம்" என்றார் மெஹருன்னிசா. "டீ குடிக்கும்போது சொல்ற மாதிரி சொல்லுங்க. பெரிய ஊருன்னு ஒண்ணு எதுக்கு?"

"ஒரு ஊருக்கு நூறு மைல் தண்ணிக் குழாய் இருக்குன்னு வைங்க மேடம். ஜனம் ரெண்டு மடங்கானா குழாயும் இருநூறு மைல் ஆகணும்ல? ஆகாது. நூத்தி எண்பது போதும். ரோடு, கரண்டு கம்பி எல்லாம் அப்படித்தான். பெரிய ஊருல தலைக்குக் கொஞ்சம் கம்மியாவே செலவாகும்."

"அது சிக்கனம். வரவு?"

"வரவு நேர் தலைகீழ். ஜனம் ரெண்டு மடங்கானா சம்பளம், புதுத் தொழில், புதுக் கண்டுபிடிப்பு எல்லாம் ரெண்டு மடங்குக்கும் மேல போகும். தலைக்கு நூத்துக்குப் பத்து பதினஞ்சு கூடுதலா வரும். யாரும் கைக்காசு போட வேணாம், தானா வரும். உலகத்துல எந்த ஊரை எடுத்தாலும் ஏறக்குறைய இதே கணக்குதான்."

"ஏன் அப்படி?"

"ஆளு ஆளைப் பாக்கறதால. முன்ன பின்ன தெரியாதவங்க ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கறதால. யானைக்கு நாடி மெதுவா அடிக்கும், எலிக்கு வேகமா அடிக்கும். ஊரு அப்படி இல்ல மேடம், பெருசாக ஆக நாடி வேகமாகும். பெரிய ஊருல ஜனம் நடக்கறதே வேகமாத்தான்."

"நல்லது மட்டுமா கூடும்?" என்று சம்பந்தம் குறுக்கே வந்தார்.

"இல்ல சார். பிக்பாக்கெட்டும் கூடும், சண்டையும் கூடும், சளி ஜுரமும் கூடும். எல்லாம் அதே கணக்குதான். நல்லது கெட்டது ரெண்டும் ஒரே பஸ்லதான் வரும்."

"இங்க எது வந்துச்சு?"

"எதுவும் வரல. இது பன்னண்டு லட்சம் பேர் ஊரு இல்ல சார். முப்பதாயிரம் பேர் ஊரு நாப்பதை எடுத்துப் பக்கத்துப் பக்கத்துல வெச்சிருக்கு."

"அப்போ எழுபது மைலுக்கு அந்தாண்டயிருந்து நாம தண்ணி ஏத்தறது தண்டம்" என்றார் சம்பந்தம். "ஐஞ்சு வருஷத்துல ஊரு ஊரா ஆகலைன்னா பிரிச்சு சின்னச் சின்ன டவுனுக்கு அனுப்பிடணும்னு சட்டமே இருக்கு. அடுத்த திங்கட்கிழமை உங்க கடைசி அறிக்கை. முடிஞ்சுது."

மெஹருன்னிசா வலது கை ஆள்காட்டி விரலால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். பெரிய அதிகாரிகள் தட்டினால் மேசை அலறும். இவர் தட்டியதில் சத்தமே வரவில்லை. மென்மையான மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் கலைந்தால் எனக்குச் சொந்தத்திலும் ஓர் இழப்பு இருந்தது. என் மனைவி வேதவல்லி விரல் கடை வைத்திருக்கிறாள். எந்திரத்தில் சிக்கியோ வியாதியிலோ விரல் போனவர்களுக்குச் சிலிக்கான் விரல் செய்து தருவாள். தோலின் நிறம், மூட்டுச் சுருக்கம், நகத்தின் வெள்ளைப் பிறை, ரோமம்கூட ஒவ்வொன்றாக நட்டிருப்பாள். முதல் தடவை மாட்டிப் பார்த்துவிட்டு முரட்டு ஆசாமிகள் தேம்பித் தேம்பி அழுததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட கடை பெரிய ஊரில்தான் பிழைக்கும். இருபதாயிரம் பேர் இருக்கிற டவுனில் விரல் கடை வைத்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். எங்களுக்கு ஒதுக்கியிருந்தது அருப்புக்கோட்டைப் பக்கம் அப்படி ஒரு டவுன். வேதா கடையை மூட வேண்டியிருக்கும்.

வேதாவின் கடையில் எப்போதும் கூட்டம். மருத்துவத்துக்கு என்று பேட்டை தாண்டினால் ஒரு வேளை தவறினாலும் மன்னிப்பு உண்டு. கைராசிக்காரி, தேடி வருகிறார்கள் என்று பெருமைப்பட்டேனே தவிர, ஊரில் இத்தனை பேருக்கா விரல் போயிற்று என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. ஊர்க்கணக்கெல்லாம் போடுகிறவன் வீட்டுக் கணக்கில் கோட்டை விட்டேன்.

கூட்டம் முடிந்த மறுநாள் ஆபீசில் என் கண் சிவந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் பேயைக் கண்டதுபோல விலகி ஓடினார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கையில் கொடுத்து, ஆபீஸ் வேனில் தனியாக ஏற்றி, மதியமே வீட்டுக்கு விரட்டிவிட்டார்கள். ஐந்து வருஷத்தில் நான் வேலை நாளில் மதிய வெளிச்சத்தில் எங்கள் தெருவைப் பார்த்ததில்லை. அரசு ஊழியர்களுக்கு ரேகைப் பெட்டியிலிருந்து விலக்கு வாங்கிவிட்டதாக வேதா முதல் வருஷமே சொல்லியிருந்தாள். அதனால் அந்தப் பெட்டிப் பக்கமே நான் போவதில்லை.

பெட்டி முன்னால் எதிர்வீட்டுக் கோமளா அக்கா நின்றுகொண்டிருந்தார். மெட்ராஸில் பஸ்கள் தானாக ஓட ஆரம்பித்த பிறகும் பிடிவாதமாகக் கண்டக்டராக இருந்து, விசிலோடு ஓய்வு பெற்றவர். அவரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இடுப்பிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தார். சாவிக்கொத்து என்றுதான் நினைத்தேன். அதில் தொங்கியவை விரல்கள்.

ஒவ்வொன்றாகப் பெட்டியில் அழுத்தினார். டிக்கெட் கிழிக்கிற அதே வேகம்.

"வணக்கம், எபினேசர்" என்றது பெட்டி. "வணக்கம், பாத்திமுத்து. வணக்கம், கிரிஜா."

நான் வாயைப் பிளந்துகொண்டு பின்னால் நின்றேன். அடுத்த விரலை வைத்தார்.

"வணக்கம், தணிகாசலம்."

பழக்க தோஷத்தில் வணக்கம் என்று சொல்லப்போய்விட்டேன். கண்ணாடியைக் கழற்றி, "அக்கா" என்றேன்.

"ஐயே, நீயா தம்பி! கண்ண மூடு, கண்ண மூடு! எனுக்கே இப்பதான் தேறிகினு வர்து!"

"அக்கா, அது என் விரலா?"

"பின்ன யாருது? நீ தூங்கசொல்ல அச்சு எட்த்து வேதா பொண்ணு செஞ்சி குட்த்துது. சின்ன வயசுல பிளேடு பட்ட தழும்புகூட அப்டியே கீது பாரு." கொஞ்சமும் பதறாமல் என் முகத்துக்கு முன்னால் ஆட்டிக் காட்டினார். "உன்கு விலக்கு கேட்டு எழுதிப் போட்டுச்சு. பதிலே வர்ல. வூட்டுப் பூட்டு மாறிடுமேன்னு பயந்துகினு இருந்துச்சு, பாவம்."

"மத்தவங்கல்லாம் எங்க?"

"எபினேசரு சௌகார்பேட்டைல கீறான். போட்டு எஞ்சின் மெக்கானிக்கு, கடலே இல்லாத ஊர்ல இன்னா பண்ணுவான்? அங்க ஒரு பம்பு சேட்டாண்ட சேந்து ஏரில சேறு அள்ற மிஷினு செய்றான். பாத்திமுத்து மைலாப்பூர் பேட்டை ஆஸ்பத்திரில நர்ஸு. கிரிஜா டீச்சரு காசிமேட்டுப் புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குட்க்குது."

"எல்லாத் தெருவுலயும் இப்படித்தானா?"

"தெருவுக்கு ஒரு கண்டக்டரு கீறோம்" என்றார் பெருமையாக.

அந்த இடத்திலேயே எனக்கு ஒரு கணம் சந்தோஷத்தில் தலை சுற்றியது. ஊர் இருக்கிறது! என் கணக்குக்குத் தெரியாமல், பெட்டிகளின் முதுகுக்குப் பின்னால், ஒரு பெரிய ஊர் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த கணமே பயமும் வந்தது. அந்த ஊரைக் காட்டிக்கொடுத்தால்தான் அதைக் காப்பாற்ற முடியும். காட்டிக்கொடுத்தால் முதலில் ஜெயிலுக்குப் போகிறவள் என் பெண்டாட்டி.

கடையில் வேதா ஒரு கட்டை விரலுக்கு நகம் ஒட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் தட்டுத் தட்டாக விரல்கள் காய்ந்துகொண்டிருந்தன. நான் உள்ளே வந்து நின்ற விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கோமளா அக்காவைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். என்னையும் பாத்தேன்."

இடுக்கியைக் கீழே வைத்தாள். "பாத்திமுத்துதாங்க முதல்ல வந்தா. மயிலாப்பூர் பேட்டையில குழந்தைங்க வார்டுக்கு நர்ஸ் கிடைக்காம தவிக்கறாங்க, இவளுக்கு இங்க வேலையே இல்ல. அங்க போனா இங்க மூணு வேளை விரல் வைக்க முடியாது, வீடு போயிடும். அழுதா. ஒண்ணு செஞ்சு குடுத்தேன். அப்புறம் நிக்கல."

"இப்படி விரல் வாங்கினவங்க ஊருல ஒரு லட்சம் பேராவது இருப்பாங்க போலிருக்கே. நீ ஒருத்தி எப்படி?"

"அச்சு எடுக்கறது எப்படின்னு நாலு பேருக்குக் கத்துக் குடுத்தேன். அவங்க மத்தவங்களுக்கு. இப்ப பேட்டைக்குப் பேட்டை செய்யறாங்க. காசிமேட்டுல ஒரு பொண்ணு என்னைவிட சீக்கிரமா செய்யறா."

கோபத்திலும் என் மூளை சும்மா இருக்கவில்லை. ஒரு புதுத் தொழில் ஒரே கடையில் பிறந்து நாற்பது பேட்டைக்கும் பரவியிருக்கிறது. பெரிய ஊரில் மட்டும் நடக்கிற அதிசயம் என் வீட்டு வாசலில் நடந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? நாடி பாக்கறவரு. மறைக்கவும் வராது, காட்டிக் குடுக்கவும் வராது. ராத்திரியெல்லாம் புரண்டு படுத்திருப்பீங்க."

"இப்ப மட்டும்? நான் பேசாம இருந்தா ஊரைக் கலைச்சிடுவாங்க வேதா. பாத்திமுத்து ஒரு மூலைக்கு, எபினேசர் ஒரு மூலைக்கு. உன் கடையும் போச்சு."

அவள் கொஞ்ச நேரம் அந்தக் கட்டை விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ சொல்லிடுங்க. என் பேரை மட்டும் சொல்லுங்க. வாங்கினவங்க யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நான் சாதிச்சிடறேன்."

எனக்கு அவளை அறையலாம்போலவும் கட்டிக்கொள்ளலாம்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். கண் எரிந்தது. வேதா வந்து என் கண்ணாடியைக் கழற்றி, தலையைப் பின்னால் சாய்த்து, இமையை விரித்துச் சொட்டு மருந்து விட்டாள்.

"உனக்கும் சிவந்திருக்கு" என்றேன். பாட்டிலை வாங்கி அவளுக்கு விட்டேன். ஒரே ஒரு சொட்டுதான் வந்தது.

"தீந்துபோச்சா? நம்ம மருந்துக் கடையில சுத்தமா இல்லைன்னாங்க. கோமளா அக்கா ஆளு விட்டுப் பாத்தாங்களாம், எந்தப் பேட்டையிலயும் இல்லையாம். ஒரே வாரத்துல ஊரு முழுக்கக் காலி."

நான் சட்டென்று நிமிர்ந்தேன். மருந்து கன்னத்தில் வழிந்தது.

"ஊரு முழுக்கவா?"

நாற்பது தனி ஊர்களாக இருந்தால் ஒரு பேட்டையில் வந்த கண்வலி அந்தப் பேட்டையைச் சுற்றி முடித்துவிட்டு அங்கேயே படுத்துவிடும். வேலியைத் தாண்ட மாசக்கணக்கு ஆகும். சளியும் ஜுரமும் அதே கணக்குதான் என்று நான்தானே சொன்னேன். விரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஊரைக் காட்ட வழி இருக்கிறது. கண்ணைக் காட்டினால் போதும்.

அடுத்த சில நாட்கள் என் விரல் எங்கள் தெருவில் வணக்கம் வாங்கிக்கொண்டிருக்க, நான் மருந்துக் கடை மருந்துக் கடையாக ஊரைச் சுற்றினேன். எந்தக் கடையில் எப்போது முதல் பாட்டில் விற்றது, எவ்வளவு விற்றது என்று கேட்டேன். அப்போதுதான் முதல் தடவையாக மேட்டுநகரைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். மயிலாப்பூர் பேட்டையில் காசிமேட்டு மீன் குழம்பு சாப்பாட்டுக் கடையில் வரிசை நின்றது. சௌகார்பேட்டையில் எபினேசரும் சேட்டும் ஒரு மிஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். இருவர் கண்ணும் சிவப்பு. ஓரிடத்தில் என் பர்ஸை யாரோ அடித்துவிட்டார்கள். எங்கள் பேட்டையில் எல்லாரும் தெரிந்த முகம், திருட ஆள் கிடையாது. கோபம் வந்தது, கூடவே நம்பிக்கையும் வந்தது. பெரிய ஊர் இல்லாமல் பிக்பாக்கெட் எங்கிருந்து வருவான்?

திங்கட்கிழமை கூட்டத்தில் மூன்று பேருமே கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தோம். பார்க்கிறவர்கள் ஏதோ ரகசியப் போலீஸ் என்று நினைத்திருப்பார்கள்.

"கண்வலியை வெச்சு ஊரைக் காப்பாத்தப் பாக்கறீங்களா?" என்றார் சம்பந்தம்.

"கண்வலிக்கு வாரியம் தெரியாது சார், சட்டமும் தெரியாது. ஆளுகிட்ட ஆளு போனா வரும், போகலைன்னா வராது. முப்பதாயிரம் பேர் டவுன்ல தலைக்கு எவ்வளவு வரும், பத்து லட்சம் பேர் ஊருல எவ்வளவு வரும்னு பழைய கணக்கு இருக்கு. மேட்டுநகர் பன்னண்டு லட்சத்துக்கான கோட்டு மேல அச்சா உக்காந்திருக்கு. பாருங்க."

"ரேகைப் பெட்டியைத் தொட்டுத் தொட்டே பரவியிருக்கலாமே?"

"ஒரு தெருவுக்குள்ள பரவலாம். ஒரு பேட்டைப் பெட்டியில இன்னொரு பேட்டைக்காரர் விரல் வைக்கவே முடியாது. நாப்பது பேட்டைக்கும் ஒரே வாரத்துல எப்படிப் போச்சு?"

சம்பந்தம் கண்ணாடியைக் கழற்றி என்னை உற்றுப் பார்த்தார். சிவந்த கண்ணால் பார்க்கும்போது மனுஷன் நிஜமாகவே பயமாக இருந்தார். "பெட்டி எல்லாரும் வீட்ல இருந்தாங்கன்னு சொல்லுது. நீங்க எல்லாரும் ஊரு சுத்தினாங்கன்னு சொல்றீங்க. அப்போ பெட்டியில ஏதோ தில்லுமுல்லு நடக்குது. ஆளை அனுப்பி ஒவ்வொரு பெட்டியா காவல் வெச்சா நாலே நாள்ல தெரிஞ்சிடும்."

கோமளா அக்காவின் வளையம் கண் முன்னால் ஆடியது. அதற்குப் பின்னால் வேதா, இடுக்கியோடு. நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று சத்தியமாக எனக்கே தெரியாது.

"வேணாம்" என்றார் மெஹருன்னிசா. "சம்பந்தம், ஊரு ஊரா ஆகிடுச்சான்னுதான் நம்மளைக் கேட்டிருக்காங்க. ஆகிடுச்சு. அதைக் கண்டுபிடிக்கத் தெரியாத பெட்டி எதுக்கு? நம்பத்தகாத கருவின்னு எழுதி எல்லாத்தையும் கழட்டிடுங்க. ஜனம் எங்க வேணா போகட்டும், வரட்டும். காவல் வெக்கற செலவும் மிச்சம்."

மிச்சம் என்ற சொல்லைக் கேட்டதும் சம்பந்தம் எழுத ஆரம்பித்தார்.

சம்பந்தம் போன பிறகு மெஹருன்னிசா என்னை நிற்கச் சொன்னார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு வலது கையை மேசை மேல் வைத்து, ஆள்காட்டி விரலைப் பிடித்து மெதுவாக இழுத்தார். விரல் கையோடு வந்துவிட்டது.

"வெள்ளத்துல படகுக்கும் சுவத்துக்கும் நடுவுல மாட்டினது" என்றார் சாதாரணமாக. "பெரம்பலூர்ல தேடாத இடமில்ல. அதிகாரி ஊர்ல விரலுக்கு எவன் கடை வெப்பான்? ராயபுரம் பேட்டையில ஒருத்தங்க செய்றாங்கன்னு யாரோ சொன்னாங்க. போன வருஷம் டீச்சர்னு பொய் சொல்லிட்டுப் போனேன். பின்னாடி தட்டு நிறைய விரல் காயுது. எல்லாத்துலயும் ரேகை. விரல் போனவங்களுக்கு ரேகை எதுக்கும்மான்னு கேட்டேன். உங்க வீட்டம்மா முகத்தை அப்படியே வெச்சுக்கிட்டு, 'அழகுக்கு மேடம்'ன்னாங்க."

நான் சிரிப்பதா காலில் விழுவதா என்று தெரியாமல் நின்றேன். "மேடம், அப்போ உங்களுக்கு ஒரு வருஷமா..."

"ஃபைல்ல எழுதற மாதிரி வேற ஒரு சாட்சி வேணும்னு காத்துட்டிருந்தேன். யாரையும் ஜெயிலுக்கு அனுப்பாத சாட்சி. நல்லவேளை, கண்ணு வலிச்சுது." விரலை மறுபடி மாட்டிக்கொண்டார். "நீங்க என்ன கணக்கு வேணா போடுங்க தணிகாசலம். விரல் கடை இருக்கற ஊரை எப்படிய்யா கிராமம்னு சொல்றது?"

வீட்டுக்கு வந்து சொன்னபோது வேதா உட்கார்ந்துவிட்டாள். "அந்த மெஹரு டீச்சரா? வலது கை ஆள்காட்டி விரல். நகத்துல பழைய மருதாணிக் கறை வேணும்னு கேட்டாங்க, மூணு தடவை மாத்தினேன்." சொல்லிக்கொண்டே அழுதாள். கண்வலி என்றாள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

ஆவணியில் பெட்டிகளைக் கழற்றினார்கள். ஊரில் எல்லாரும் வேதாவின் கடைக்கு விரலைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாள், என்னுடையதைத் தவிர. அது இப்போது அவள் சாவிக்கொத்தில் தொங்குகிறது. நீங்க எங்க சுத்தினாலும் ஒரு விரலாவது வீட்ல இருக்கட்டும் என்கிறாள். கடையில் கூட்டம் குறைந்துவிட்டது, ஆனால் வருகிறவர்கள் நிஜமாகவே விரல் போனவர்கள், ரொம்பத் தூரத்திலிருந்தும் வருகிறார்கள். பூட்டுக்காரர்களுக்கு வியாபாரம் நன்றாக நடக்கிறது, பிக்பாக்கெட்டும் கூடியிருக்கிறது. இரண்டாவது பர்ஸும் போய்விட்டது.

எங்கள் தெருவில் பெட்டி இருந்த கூரை மட்டும் அப்படியே நிற்கிறது. அதன் கீழேதான் இப்போது ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு. கோமளா அக்கா பழைய விசிலைத் தேடி எடுத்துவிட்டார். நேற்றுக் காலை நான் போனபோது ஆட்டோவில் நான்கு பேர் இருந்தார்கள், ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஏறலாமா, அடுத்ததில் போகலாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினேன்.

"பக்கத்துல யாருன்னு இன்னா பாக்குற?" என்று அக்கா அதட்டினார். "எடம் கீதான்னு பாரு. ஏறு தம்பி, ஏறு!"

நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவர் தன் மடியிலிருந்த பெரிய பையை ஒதுக்கி எனக்கு இடம் விட்டார். "சார் எந்தப் பேட்டை?" என்றார். பதில் சொல்லிவிட்டு நானும் கேட்டேன். இறங்குவதற்குள் பாதி ஊர்க்கதை பேசியிருந்தோம்.